கணக்குக் கேட்பது கடவுள் மறுப்பா?

"ஆண்டவனுக்குக் கொடுத்தாயிற்று, இனி அதைப் பற்றிக் கேட்க நாம் யார்?" இந்த ஒரு சொற்றொடர் நம் நாட்டில் எத்தனை பெட்டகங்களுக்குப் பூட்டாக இருந்திருக்கிறது! இரும்புப் பூட்டுக்குக் கூலி கொடுத்துக் காவலன் ஒருவனை வைக்க வேண்டும். இந்தப் பூட்டுக்கோ, பொருளைக் கொடுத்தவனே கூலியில்லாக் காவலன். கேட்கத் துணிந்தவனை நோக்கி, "நாத்திகன்!" என்று முதலில் கூவுகிறவனும் அவனே.

கோயிலுக்கும் மடத்துக்கும் கொடுத்த பொருளுக்குக் கணக்குக் கேட்பது கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கன்று. இல்லை என்பவன் கேட்கலாம். உண்டு என்பவனோ கேட்டே தீரவேண்டும். தன் தெய்வத்தின் சொத்து களவு போகிறதா என்று பார்க்காத பக்தி என்ன பக்தி? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்று சான்றோர் சொன்னதை இங்கே எடுத்துக்காட்டுவார் சிலர். அது கொடுப்பவனின் தற்பெருமையை அடக்கச் சொன்ன சொல். வாங்குகிறவன் மறைத்து வைத்துக்கொள்ள வழங்கப்பட்ட உரிமைச் சீட்டு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? கோயிலில் உள்ள திருவுருவம் சொத்து வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள ஒரு நபர் என்கிறது. ஆயினும் தன் சொத்தைத் தானே ஆள இயலாமையால் மைனரைப் போன்ற நபர் என்கிறது. கோடி சூரியப் பிரகாசர் நீதிமன்றத்தில் மைனர்! நகைப்பவர்கள் நகைக்கட்டும், நமக்கு வேண்டியது அதிலிருந்து பிறக்கும் முடிவு. மைனரின் சொத்தை ஆள்பவன் கார்டியன். உலகில் எந்த கார்டியனாவது, "பிள்ளை என்னைக் கேட்கவில்லையே, நீ ஏன் கேட்கிறாய்?" என்று வாதாட முடியுமா? பிள்ளை வாய் திறந்து கேட்க முடியாது என்பதனால்தானே மற்றவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது!

இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்பாரும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்று கல்லைப் பார்க்கட்டும். இராசராசன் கொடுத்த நகைகள் ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டு, எடையோடு பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பொருளில் ஒரு பகுதி சேரரையும் பாண்டியரையும் வென்று கவர்ந்தது என்பதையும் அந்தக் கல்லே சொல்கிறது. கொள்ளைப் பொருளில் கோயில் கொண்டாட்டமா என்று நாம் கேட்கலாம்; அப்படிக் கேட்பதற்கான சான்றையும் மறைக்காமல் வெட்டி வைத்தானே, அந்த அளவுக்கு அவன் நேர்மையானவன். அவனுக்கும் முன்னர், முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூரில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது என்று விதித்தார்கள். விதித்தவர்கள் யார்? சதுர்வேதிமங்கலத்துச் சபையார்! வேதம் ஓதியவர்களுக்கே அன்று கணக்கு கசக்கவில்லை.

கசக்கத் தொடங்கியது பின்னாளில். 1817-இல் கும்பினி அரசு அறநிலையங்களின் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. கிறித்தவ அரசு விக்கிரகக் கோயில்களை நடத்துவதா என்று பாதிரிமார் சினந்தெழவே, 1840-களில் கையைக் கழுவிக்கொண்டது. 1863 சட்டம் உள்ளூர்க் குழுக்களிடம் பொறுப்பை விட்டது. கேள்வி முறை தளர்ந்தது. நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசரின் முயற்சியால், இந்து அறநிலையச் சட்டம் 1925-இல் வந்தபோது, "மதம் போயிற்று!" என்று எழுந்த ஓலம் கொஞ்சமன்று. போனது மதமா, மறைவா?

உடுப்பி சிரூர் மடத்தின் வழக்கை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம். அங்கே எட்டு மடங்கள். கிருட்டிணன் கோயில் பொறுப்பு, முறை வைத்து இரண்டிரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு மடத்துக்கும் வரும். அந்த முறைக்குப் பரியாயம் என்று பெயர். முறை வந்த மடாதிபதி, வந்து சேரும் பிராமணர் அனைவருக்கும் உணவளிக்கக் கடமைப்பட்டவர். சிரூர் மடாதிபதி பழைய கடனில் பெரும்பகுதியை அடைத்திருந்த நேரம்; 1931-இல் முறை வந்தது, மீண்டும் கடன். 1946-இல் இரண்டாம் முறை. விலைவாசி ஏறிய காலம். கடன் ஏறத்தாழ ஒரு இலட்ச ரூபாய்! அறநிலைய வாரியம் தலையிட்டது, மேலாளரை அமர்த்தச் சொன்னது, பூசல் முற்றியது, வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது.

அந்த மடாதிபதி ஆடம்பரத்தில் அழித்தார் என்று நான் சொல்லவில்லை. வழக்கப்படி சோறு போட்டுத்தான் கடனாளியானார். கேள்வி அங்கேதான் கூர்மையாகிறது. களவில்லாத செலவும் அறமாகிவிடுமா? எவருக்குச் சோறு என்ற கேள்வியைக் கணக்குப் புத்தகம் கேட்காது. கூட்டல் சரியாக இருந்தால் போதும் அதற்கு. நாம் கேட்க வேண்டும். கோயில் நிலத்தை உழுது குத்தகை அளந்தவர்களில், 1939-இல் மதுரையில் கதவு திறக்கும் வரையில், 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் வரும் வரையில், எத்தனை பேர் வாசற்படி தாண்ட முடிந்தது? அவன் அளந்த நெல்லில் விளக்கெரிந்தது. அந்த விளக்கைக் காண அவன் கண்ணுக்கு உரிமையில்லை.

1954-இல் தீர்ப்பு வந்தது. எந்தப் பூசை செய்வது என்பது மதம். அதற்கு எவ்வளவு செலவிடுவது என்பது சொத்து நிர்வாகம், அதைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம் என்றது நீதிமன்றம். அத்தோடு நிற்கவில்லை. அறநிலையங்களின் வருமானத்தில் நூற்றுக்கு 5 வரை அரசு எடுத்துக்கொள்ள வழி செய்த பிரிவையும் செல்லாதென்றது. அப்படிப் பெற்ற பணம் அரசின் பொது நிதியில் கலந்துவிடுகிறது, செய்யும் பணிக்கும் வாங்கும் தொகைக்கும் பொருத்தம் காட்டப்படவில்லை, ஆகவே அது கட்டணமன்று, வரி என்றது. கணக்குக் கேட்டவனிடமே கணக்குக் கேட்டார்கள்! நம்மவர் சிலருக்கு இது கசந்தது. எனக்குக் கசக்கவில்லை. மடத்திடம் கேட்பதற்கு எந்த நியாயம் உண்டோ, அதே நியாயம் துறையிடமும் கேட்பதற்கு உண்டு. 1959 சட்டம் உபரிப் பணத்தைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் திருப்ப வழி வகுத்தது. பழனி முருகன் கோயிலின் பணம் கல்லூரியாயிற்று. அந்தக் கல்லூரியின் செலவையும் பார்க்கத்தான் வேண்டும்.

பார்ப்பது எங்கே? அலுவலகத்து அலமாரியில் தணிக்கை அறிக்கை இருக்கிறது என்பார்கள். நூறு ரூபாயைத் தலைப்பில் முடிந்து வந்து உண்டியலில் போடும் மூதாட்டி அந்த அலமாரியைத் திறந்து பார்ப்பாளா? கோயிலுக்குள் சுற்றிப் பாருங்கள். மின்விளக்கில் 'உபயம்', மின்விசிறியில் 'உபயம்', படிக்கட்டில் 'உபயம்'. விளக்கின் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குக் கொடுத்தவர் பெயர். அந்தச் சுவரிலேயே நாலு முழம் இடம் ஒதுக்கி, சென்ற ஆண்டு உண்டியலில் விழுந்தது இவ்வளவு, நிலக் குத்தகை வந்தது இவ்வளவு, வராதது இவ்வளவு, செலவு இன்னின்னதற்கு என்று, அந்த மூதாட்டியின் பேத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவில் பெரிதாக எழுதி வைக்க என்ன தடை?