புகையில்லாத வழிபாடு

சாமிக்கு ஏற்றும் ஊதுபத்தியின் புகை, ஏற்றுபவரின் மூச்சுக்கே கேடு செய்யும் என்று தெரிந்தபின் அந்தச் சடங்கை மாற்றலாமா? மாற்றும் உரிமை யாருக்கு? சிங்கப்பூரிலும் தைவானிலும் வாழும் சீனச் சமயத்தாரை இந்தக் கேள்வி நேரடியாகவே தொட்டது.

ஊதுபத்தியில் உள்ள மரத்தூளும் பிசினும் முழுதாக எரிவதில்லை, கனன்று புகைகின்றன. அப்போது நுண்துகள்களோடு பென்சீன், பென்சோபைரீன் போன்ற நச்சுகளும் கிளம்புகின்றன. பி.எம். 2.5 எனப்படும் துகள், தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். மூக்கின் தடுப்பைத் தாண்டி நுரையீரலின் காற்றறைகள் வரை அது இறங்கிவிடும்.

சிங்கப்பூரில் 61,320 சீனர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. நெடுங்காலம் ஊதுபத்தி ஏற்றி வந்தவர்களிடம் மேல் சுவாசப் பாதைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. நுரையீரல் புற்றுநோயில் ஒட்டுமொத்தமாக அப்படி ஒரு கூடுதல் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. என்றாவது ஒருநாள் கோயிலுக்குப் போய் வருபவர் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. நாள் முழுதும் அந்தப் புகையிலேயே நின்று வேலை செய்யும் கோயில் பணியாளரின் நிலை வேறு.

நம்பிக்கையின் பக்கமும் லேசானதல்ல. சீன மரபில் புகை வெறும் நறுமணம் இல்லை. வேண்டுதல் தெய்வத்தைச் சேரும் வழியே அதுதான். அதை நிறுத்தச் சொன்னால், பேச வந்தவரின் வாயைப் பொத்துவதுபோல் பக்தருக்குப் படும்.

தைவானின் தைபே நகரிலுள்ள சிங்தியன் கோயிலில் முதன்மைத் தெய்வம் குவான் யூ. அக்கோயில் 2014 ஆகஸ்ட் 26 அன்று தூபக்கலங்களையும் படையல் மேசைகளையும் அகற்றியது. கைகூப்பி மனத்தால் வேண்டினாலே போதும் என்பது நிர்வாகம் தந்த விளக்கம். அரசு ஆணை எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. சுற்றுப்புறத்தில் ஊதுபத்தி விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது பெரிய அடி. அந்த இழப்பை மறைப்பது நியாயமில்லை. 2017 ஜூலையில் கதை வேறு விதமாகப் போனது. அரசே ஊதுபத்தியைத் தடைசெய்யப் போகிறது என்ற பேச்சு பரவ, பல கோயில்கள் தெய்வச் சிலைகளோடு தைபேயில் ஊர்வலம் வந்தன. அப்படித் திட்டமே இல்லை என்றது அரசு.

தம் மூச்சைக் காணிக்கையாக்கும் உரிமை பக்தருக்கு உண்டு. பக்கத்தில் நிற்பவரின் மூச்சின்மீது அவருக்கு உரிமை இல்லை. ஆகவே சடங்கை மாற்றுவது தகும். அந்த மாற்றம் வெளியிலிருந்து வரும் ஆணையாக இல்லாமல், தன் தெய்வத்தை முன்னிறுத்திக் கோயிலே எடுக்கும் முடிவாக இருந்தால்தான் நிற்கும். தூபக்கலம் இல்லாத சிங்தியன், இன்றும் தைபேயில் மக்கள் மிகுதியாக வரும் கோயில்களுள் ஒன்று.