யாரைக் கணக்கில் வைத்து நூறு சதவீதம்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு, முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்துக்கு அழைப்பு வரும். தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்; மெமோ வருவதும் உண்டு. அந்த அச்சத்தில், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறும் ஒன்பதாம் வகுப்பு மாணவனின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. மேலிடத்து நெருக்கடி இதற்கு நியாயமாகுமா?

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அந்தக் காப்பு முடிகிற இடத்தில்தான் தேர்ச்சி விழுக்காட்டின் கெடுபிடி தொடங்குகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தலைமையாசிரியரின் மனசாட்சியே பெரிய துணை.

அலுவலர் பக்கமும் நியாயம் உண்டு. இலக்கு வைத்துக் கேள்வி கேட்காவிட்டால், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் கேட்பாரற்றுப் போகும். அவரும் இயக்குநரகத்துக்கும் ஆட்சியருக்கும் பதில் சொல்ல வேண்டியவர். தலைமையாசிரியருக்கோ காலிப் பணியிடங்கள், எமிஸ் எனும் கல்வி மேலாண்மைத் தகவல் தளத்தில் ஓயாத பதிவேற்றம், பள்ளியின் பெயர் கெட்டால் சேர்க்கை குறையுமே என்ற கவலை. இவை எதுவும் பொய்யான சுமை அல்ல.

ஆனால் இழப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். மெமோவுக்கு விளக்கம் எழுதலாம். அடுத்த ஆண்டு தேர்ச்சியை உயர்த்தலாம். பள்ளியைவிட்டுப் போன பிள்ளை கூலி வேலையில் இறங்கிவிட்டால் மீட்பது அரிது. தன்னை நம்பிச் சேர்த்த பிள்ளையைத் தன் பாதுகாப்புக்காக விட்டுக்கொடுப்பது தலைமையாசிரியருக்கு அறமல்ல.

அதற்காக, துணிவு முழுவதையும் அவரிடமே எதிர்பார்ப்பதும் நீதியாகாது. உண்மையான எண்ணைச் சொன்னவரைத் தண்டித்து, ஆளைக் கழித்து நூறு காட்டியவரைப் பாராட்டும் அலுவலகம் அந்தத் தவறில் பங்காளி. மாணவர்மீதான அழுத்தத்தைக் கருதி 2017இல் தமிழ்நாடு அரசு பொதுத்தேர்வுத் தரவரிசைப் பட்டியலைக் கைவிட்டது. அதே அக்கறை பள்ளிகளை அளப்பதிலும் வேண்டும். எமிஸில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருக்கிறது. தேர்வு எழுதியவர்களை மட்டும் எண்ணாமல், ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அத்தனை பேரையும் வைத்துத் தேர்ச்சியைக் கணக்கிடலாம். அப்போது பலவீனமான மாணவனைத் தக்கவைத்துக் கற்பிப்பதே பள்ளிக்குப் பெருமையாகும். அப்படி அளக்கும் அலுவலருக்குத்தான் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்கும் தகுதி உண்டு.