பிள்ளையைத் தாங்குபவர் யார்?

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு ஷூ கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேரும் பெண்ணின் முன் சில படிவங்கள் வைக்கப்படும். பி.எஃப். நாமினி, இ.எஸ்.ஐ. குடும்ப விவரம், வங்கிக் கணக்கு. பெயர், ஊர், பிறந்த தேதி வரை பேனா தடையில்லாமல் ஓடும். மணமானவரா என்று கேட்கும் கட்டத்தில் சிலருக்கு அது நின்றுவிடும். ஒரே வீட்டில், ஒரே உலையில் சோறு பொங்கி, பிள்ளை பெற்று வளர்த்து, ஆனால் பதிவோ நிக்காஹோ தேவாலயச் சான்றோ இல்லாமல் வாழ்கிறவர்கள் அவர்கள். மதம் குறுக்கே நின்றவர்கள், சாதிக்கு அஞ்சி ஊர் விட்டு வந்தவர்கள், முந்தைய மணத்தைச் சட்டப்படி முறித்துக்கொள்ளக் காசும் காலமும் இல்லாதவர்கள் எனக் காரணங்கள் பல. அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது சரி? அலுவலகக் கேள்விபோல் தோன்றினாலும் இதன் அடியில் இருப்பது பழைய அறக்கேள்வி: குடும்பத்தை உண்டாக்குவது சடங்கா, சுமையா? கணவன் மனைவி என்ற உறவை வாக்கும் சாட்சியும் உண்டாக்குகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெற்றோர் என்ற உறவை உண்டாக்குவது தாங்குதல். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் திணிப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

இதற்குச் சான்று எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது: வருமான வரிச் சட்டத்தில். இந்தியாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கணக்காக வரி தாக்கல் செய்யும் முறை கிடையாது. மணமானாலும் ஆகாவிட்டாலும் அவரவர் தனிநபர். (இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற தனி அலகு உண்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் முஸ்லிம் தோல் வணிகக் குடும்பங்களுக்கு அது பொருந்தாது.) ஆகவே சேர்ந்து வாழும் இருவர் தத்தம் கணக்கில் தனிநபர் என்று எழுதினால் அதில் மறைப்பு ஏதுமில்லை. சிக்கல் பிள்ளையிடம் வருகிறது. பாட்டி பேரன் பெயரில் வங்கியில் போட்ட வைப்புத்தொகைக்கு வட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது யாருடைய வருமானம்? 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64(1A) பிரிவு இப்படி வகுத்தது. பெற்றோரின் மணம் நடப்பில் இருந்தால், இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். மணம் நடப்பில் இல்லையென்றால், அந்த ஆண்டில் பிள்ளையைப் பராமரித்தவர் கணக்கில் சேரும். மணமுறிவை மனத்தில் கொண்டு எழுதிய விதியாக இருக்கலாம்; ஆனால் அதன் சொற்கள் மணமே செய்யாதவர்களுக்கும் பொருந்தக்கூடியவை. மணமானவர்களிடம் சட்டம் பணத்தின் அளவைத்தான் கேட்கிறது. மணம் இல்லாதவர்களிடமோ, இந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டது யார், பள்ளிக்கு அனுப்பியது யார் என்று கேட்கிறது. அதுதான் ஆழமான கேள்வி. அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன வேலூர்க்காரரும் இதையே சந்திப்பார். அங்கே மணமாகாத இருவர் கூட்டாகத் தாக்கல் செய்ய முடியாது. பிள்ளையோடு வாழும் பெற்றோரில், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் சுமந்தவரே குடும்பத் தலைவர் என்ற நிலையைக் கோரலாம். பாதிக்கு மேல் சுமப்பவர் ஒருவராகத்தானே இருக்க முடியும்?

வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் தையல் வரிசையில் அதிகம் இல்லை. அவர்களுக்கு உயிர்நாடி இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு. அதற்கான சட்டத்தை அருகில் வைத்துப் படித்தால் நெஞ்சு கனக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ உதவிக்காகக் 'குடும்பம்' என்பதை வரையறுக்கும்போது, சட்டபூர்வமாகப் பிறந்த அல்லது தத்தெடுத்த சிறு பிள்ளை என்றது. அதே சட்டம் தொழிலாளி இறந்தால் உதவி பெறும் 'சார்ந்திருப்போர்' யார் என்று சொல்லும்போது, மணத்துக்கு வெளியே பிறந்த சிறு மகனையும் மணமாகாத மகளையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. அதாவது தகப்பன் வேலையில் உயிரைவிட்டால் அவனுடைய பிள்ளை. உயிரோடு இருக்கும்போது அதே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வரையறைக்கு வெளியே. தோல் தொழிலில் சாவு வெறும் கற்பனை உதாரணம் இல்லை. 2015 சனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டார்கள். இறப்பின் முன்னால் சடங்கைக் கேட்கக் கூசிய சட்டம், பிழைத்திருப்பவனிடம் மட்டும் அதைக் கேட்பது எந்த நியாயத்தில்?

மறுப்பு உடனே வரும்: சடங்கு வீணாகவா வந்தது? வீணாக வரவில்லை. பொய்யும் பிழையும் தோன்றிய பிறகே பெரியோர் திருமணக் கரணத்தை வகுத்தார்கள் என்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் விளக்கம். கூடிவிட்டுக் கைகழுவுகிறவனிடமிருந்து பெண்ணைக் காக்கச் சாட்சி தேவைப்பட்டது. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் தருக்கமே என் பக்கம் திரும்புகிறது. பொய்யைத் தடுக்க வந்த கரணத்தை வைத்து, கண்முன் நிற்கும் உண்மையான பிள்ளையை இல்லை என்று சொல்வது கரணத்தின் நோக்கத்துக்கே விரோதம். தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் இல்லை. புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967ஆம் ஆண்டுத் திருத்தம், அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றது. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளின் உடம்பிலோ உள்ளத்திலோ அன்று எதுவும் மாறிவிடவில்லை. மாறியது சட்டத்தின் பார்வை.

மதத்தின் பெயரால் வரும் மறுப்பு இன்னும் கனமானது. இந்த வட்டாரத்தின் ஜமாஅத்துகளுக்கும் சபைகளுக்கும் மணம் என்பது இறைவன் முன் செய்யும் பொறுப்பு. வம்சம் அதோடு பிணைந்தது. அந்த நம்பிக்கையை அரசு திருத்த வேண்டியதில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஒருவர் செய்ததற்கு வேறொருவர் பொறுப்பாளி ஆகமாட்டார் என்பது குர்ஆன் திரும்பத் திரும்ப வலியுறுத்தும் கொள்கை. தகப்பனின் குற்றத்தை மகன் மேல் சுமத்தக் கூடாது என்று எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலும் விரிவாகவே வாதிடுகிறது. பெரியவர்கள் செய்தது தவறு என்றே வைத்துக்கொண்டாலும், மருந்துச் சீட்டில் அந்தத் தவறின் விலையைக் குழந்தை கட்டுவதற்கு இவ்விரு மரபுகளிலும் எனக்கு ஆதாரம் தெரியவில்லை. இப்படிச் சேர்த்துக்கொண்டால் மணத்தின் மதிப்பு குறையும் என்ற அச்சத்துக்கும் அனுபவமே பதில். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, எந்த வழியில் பிறந்த பிள்ளைக்கும் ஜீவனாம்சம் உண்டு என்றது. அதற்குப் பின் கல்யாண மண்டபங்கள் காலியாகிவிடவில்லை.

மிஞ்சுவது நடைமுறை மறுப்பு. மணச்சான்று ஒரு தாள். பராமரிப்பை எப்படி நிரூபிப்பது, பொய்க் கணக்குகள் வராதா என்று அதிகாரி கேட்பார். நியாயமான கவலைதான். ஆனால் மணச்சான்று ஒரு நாள் நடந்ததைத்தான் சொல்லும். மறுநாள் முதல் யார் அரிசி வாங்கினார் என்பதை அது சொல்லாது. பிறப்புச் சான்றில் இருவர் பெயர், பள்ளிக் கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவை சேர்ந்தால் தாங்குதலுக்குப் போதிய சான்று. 2018 டிசம்பரிலிருந்து, தாய் தனியாக வளர்க்கும் பிள்ளை பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது தகப்பன் பெயர் கட்டாயமில்லை. வருமான வரித்துறை அதனால் நிலைகுலைந்து போகவில்லை. அந்தப் பேனா நின்ற இடத்துக்கு வருவோம். மணமாகவில்லை என்றால் மணமாகவில்லை என்றே அந்தப் பெண் எழுதட்டும். கௌரவத்துக்காகப் பொய் எழுத வேண்டாம். அடுத்த வரியில் பிள்ளையின் பெயரையும் தயங்காமல் எழுதட்டும். அதை ஏற்றுக்கொள்ளச் சட்டம் நீக்க வேண்டியது, 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடரும் 'சட்டபூர்வமான' என்ற ஒரே ஒரு அடைமொழியை.