கிணற்றின் மட்டம்

கிணற்று நீர் யாருடையது என்பதைச் சட்டப் பிரச்னையாக மட்டுமே நினைத்திருந்தேன். கிளாமத் நதி அதைத் தார்மீகப் பிரச்னையாக்கிவிட்டது.

அமெரிக்காவில் ஆரெகனில் புறப்பட்டுக் கலிபோர்னியா வழியே பசிபிக்கில் சேரும் நதி இது. 1918-க்கும் 1962-க்கும் இடையே அதன் குறுக்கே எழும்பிய நான்கு அணைகளை 2023, 2024-ல் இடித்தார்கள். அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை. பாசனத்துக்கோ குடிநீருக்கோ அல்ல. இடித்தது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2024 அக்டோபரில், 1912-க்குப் பின் முதல் முறையாக, கடலிலிருந்து ஏறிவந்த சால்மன் மீன்கள் ஆரெகனை எட்டின.

ஆனால் காப்கோ அணையின் ஏரிக்கரையில் குடியிருந்தவர்கள்? 2024 ஜனவரியில் ஏரியை வடித்த பிறகு அங்கே சில வீட்டுக் கிணறுகளில் நீர் இறங்கிற்று. ஏரி நிறைந்தால் கிணறு ஊறும் என்பது நமக்குப் பாட்டி காலத்து ஞானம். அதன் மறுபாதிதான் இது. தேங்கிய நீர் கரையோரத்து எரிமலைப் பாறையின் வெடிப்புகளில் கசிந்து நிலத்தடி மட்டத்தை உயர்த்தி வைத்திருந்தது. அந்த மட்டத்தை நம்பித் துளையிட்டார்கள். ஏரி போனதும் மட்டம் ஆற்றை நோக்கிச் சரிந்தது. கரையருகே உள்ள, ஆழமில்லாத கிணறுதான் முதலில் அகப்படும். மலையிலிருந்து ஊற்று வரும் ஆழக் கிணறு தப்பிவிடலாம்.

கவிஞ நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இயற்கை தன் மட்டத்துக்குத் திரும்பிற்று, இதில் அழ என்ன இருக்கிறது" என்றார். இந்த 'இயற்கை'யில் எனக்கு நம்பிக்கையில்லை. நாற்பது வருஷம் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வந்த வீட்டில் அதுதான் இயற்கை.

என் உத்தியோகத்திலிருந்து ஓர் உதாரணம். வேறொருவர் பணத்தை ஒரு பென்ஷன்காரர் கணக்கில் நான் தவறுதலாக வரவு வைத்துவிட்டேன். நாலு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அரியர்ஸ் என்று எண்ணி அவர் கூரையைப் பிரித்து ஓடு மாற்றிவிட்டார். அவர் திருடவில்லை. பணம் அவருடையதும் அல்ல. திருப்பிக் கேட்கப் போனவன் நான். வாசலில் நின்றபடி புது ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தவறு என்னுடையது, தவணை அவருடையது.

காப்கோவில் அந்த மட்டம் யார் கணக்கிலிருந்து போயிற்று? ஷாஸ்டா பழங்குடியினரின் நிலம் அந்த ஏரிக்கடியில் நூறு வருஷம் கிடந்தது. ஏறத்தாழ 2,800 ஏக்கரைத் திருப்பித் தருவதாகக் கலிபோர்னியா அரசு 2024-ல்தான் அறிவித்தது. ஆகவே அணை இருக்கவேண்டும் என்று கேட்கக் கிணற்றுக்காரருக்கு உரிமையில்லை. தண்ணீர் கேட்க உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில் இரு கட்சிக்கும் சௌகரியம் இருக்கிறது. இடிக்கச் சொன்னவர்கள் முதலாவதற்குப் பயந்து இரண்டாவதைக் காதில் வாங்குவதில்லை. எதிர்த்தவர்கள் இரண்டாவதன் முதுகுக்குப் பின்னால் முதலாவதை ஒளித்துவைக்கிறார்கள்.

பாதிப்பான கிணறுகளைச் சரிசெய்து தருவதாக இடிக்கும் பொறுப்பேற்ற அமைப்பு ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் வறட்சியிலும் கிணறு இறங்கும். நிலத்தடி நீர் எங்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. அணை இருந்தபோதே மட்டத்தை அளந்து எழுதியிருந்தால்தான் எதனால் இறங்கிற்று என்று காட்டமுடியும். நன்றாக ஊறும் கிணற்றில் கயிறு விட்டு அளந்து தேதி போட்டு வைப்பவர் யார்? லெட்ஜரில் ஏறாத பாக்கி பாக்கியே அல்ல என்று நானும் கவுண்டரில் இருந்து சொல்லியிருக்கிறேன்.

பென்ஷன்காரர் பதினெட்டுத் தவணையில் கட்டி முடித்தார். ஒவ்வொரு முறையும் சலானை என்னிடம்தான் நீட்டினார்.