கால் பங்கு போதாது

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொல்வதை மாணவன் எவ்வளவு கருத்தாகக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்கு வாய்ப்பது கால் பங்குதான். தன்னோடு படிப்பவர்களுடன் கூடிப் பழகும்போது இன்னொரு கால் பங்கு சேரும். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு விளங்க எடுத்துரைக்கும்போதுதான் வரும். அதாவது, புலமையில் முக்கால் பங்கு மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசும் இடத்தில் இருக்கிறது. தமிழ் படித்த நாங்கள் எல்லோரும் இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள். இதன்படி நம் பிள்ளைகளை வளர்க்கிறோமா என்பது என்னை நெடுநாளாக உறுத்தும் கேள்வி.

சேலம், நாமக்கல் சமவெளி உழைப்புக்குப் பேர்போன மண். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. நாமக்கல்லில் கூண்டு கட்டிய லாரிகள் எல்லா நெடுஞ்சாலைகளிலும் ஓடுகின்றன. அதே உழைப்பைக் கொட்டி இந்த ஊர்கள் உறைவிடப் பள்ளிகளையும் கட்டின. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் கடன்பட்டாவது பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்தார்கள். பள்ளிக்காரர்கள் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பி, இரவு வெகுநேரம் வரை படிக்கவைத்து, தேர்வுக்கு மேல் தேர்வு வைத்து மதிப்பெண் எடுக்கவைத்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடவைக்கும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றியது. 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு இந்த வழக்கம் முக்கியக் காரணம். கோழிப்பண்ணைகள் நிறைந்த மாவட்டத்தில் மக்களே இந்தப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தறி ஓட்டியும் லாரி ஓட்டியும் சம்பாதித்த பணத்தில், தங்களுக்குக் கிடைக்காத படிப்பைப் பிள்ளைக்கு வாங்கித் தர நினைத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் படிப்பு பவணந்தியின் கணக்கில் முதல் கால் பங்கோடு நின்றுபோனது. கூடப் படிப்பவன் போட்டியாளன் ஆனான். அவனோடு பேசுவது நேர விரயம் ஆனது. தனக்கு விளங்கியதைத் தன் சொல்லில் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள்.

மேற்படிப்பில் நிலைமை மாறும் என்று நம்பியவர்கள் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒன்றுக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் போன ஓர் அரங்கில் மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் மேசையில் அடுக்கியிருந்தார்கள். ஆய்வாளர் தன் ஆய்வேட்டின் இயல்களை ஒவ்வொன்றாகச் சுருக்கி வாசித்தார். அவையோர் கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஒரு பெண் எழுந்து, "இந்த முடிவுக்கு எத்தனை ஊர்ல விசாரிச்சீங்க?" என்று கேட்டார். அரங்கமே திரும்பி அவரைப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் இது என்ன பேச்சு என்ற பதற்றம் எல்லோர் முகத்திலும் தெரிந்தது. கேட்டவர் பகையால் கேட்கவில்லை. அந்த ஆய்வேட்டை உண்மையிலேயே மதித்துக் கேட்டவர் அந்த அரங்கில் அவர் ஒருவர்தான்.

நாமக்கல்லில் இதற்கு மாற்றான ஒரு முயற்சி நடந்தது. அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன், தம் மாணவர்களையும் ஆய்வாளர்களையும் நண்பர்களையும் சேர்த்து 'கூடு ஆய்வுச் சந்திப்பு' என்ற பெயரில் தம் வீட்டு மொட்டை மாடியில் கூடிப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தினார். வந்தவர்களில் பலர் குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள். ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். பவணந்தி சொன்ன முக்கால் பங்குக்கு இடம் அங்கேதான் இருந்தது. அரசாணை இல்லாமல், நல்கைத் தொகை இல்லாமல், ஓர் ஆசிரியரின் விருப்பத்தாலும் சில இளைஞர்களின் வருகையாலும் அது நடந்தது.

அந்தச் சந்திப்புகளின் விளைவுகளில் என்னை அதிகம் பாதித்தது 2013இல் காலச்சுவடு வெளியிட்ட 'சாதியும் நானும்' என்ற நூல். 32 பேர் தங்கள் வாழ்க்கையில் சாதி எப்படி நுழைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். பல சாதிகளில் பிறந்தவர்கள். பின்னால் அம்பை அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆங்கிலப் பதிப்பின் தலைப்பு கொட்டாங்குச்சியில் ஊற்றித் தரப்பட்ட காபியைச் சொல்கிறது. சாதியைப் பற்றி மேடையில் பேச நம்மில் நிறையப் பேர் உண்டு. வரலாற்றிலிருந்து பேசலாம், சட்டத்திலிருந்து பேசலாம், எதிர்க்கட்சியைத் திட்டியும் பேசலாம். தன் வீட்டுத் திண்ணை, தன் அப்பாவின் சொல், தன் கை வாங்கிய டம்ளர், தன் கை கொடுக்க மறுத்த டம்ளர் என்று பேசத் தொடங்கும்போது குரல் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் வந்தால்தான் சிந்தனை தொடங்கியது என்று பொருள். பிறருடைய மூடநம்பிக்கையைச் சுட்டிக்காட்டுவது எளிது. தனக்கு ஆதாயம் தரும் நம்பிக்கையைத் தானே சோதித்துப் பார்ப்பதற்குத்தான் பக்கத்தில் நல்ல மனிதர்கள் வேண்டும். தனியாக உட்கார்ந்து அதைச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை. தனிமையில் நம் மனம் நமக்குத்தான் வழக்காடும்.

இந்த மண்ணில் அந்தப் பேச்சு எவ்வளவு அவசரமானது என்பதை 2015 காட்டியது. அந்த ஆண்டு ஜூன் மாதம், திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு வந்த ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் கடத்திச் செல்லப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதே காரணம். 2022இல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பிள்ளை அவர்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் மீது கொந்தளிப்பு எழுந்தது. நாவல் வெளிவந்தது 2010இல். நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், அதிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துத் திருச்செங்கோட்டில் பரப்பினார்கள். புத்தகத்தை எரித்தார்கள். 2015 ஜனவரியில் ஊர் கடையடைத்தது. ஜனவரி 12இல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை என்ற பெயரில் எழுத்தாளரிடம் எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, மீண்டும் எழுத வருமாறு கேட்டுக்கொண்டது.

மனம் புண்பட்டது என்று சொன்ன ஊர்க்காரர்கள் எல்லோரையும் நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். தன் ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் வரும் கதையில் தன் பாட்டியைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் கேள்விப்படுவதற்கும் படிப்பதற்கும் நடுவே ஒரு மனிதன் செய்ய வேண்டிய கடமை இருக்கிறது. முழுப் புத்தகத்தையும் வாங்கு, படி, எழுதியவர் பக்கத்து ஊரில்தானே இருக்கிறார், போய்க் கேள். அந்த மாடியில் அவர்களுக்கும் இடம் இருந்திருக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் காவல்துறையை வைத்துக்கொண்டு நடப்பது உரையாடல் ஆகாது. அங்கே யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

இதே மாவட்டத்தில் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இன்னொன்று நடந்தது. கோழி, முட்டை மூலம் கொரோனா பரவும் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் வந்தது. முட்டை விலை தலைகீழாகச் சரிந்தது. பண்ணைக்காரர்கள் கதறினார்கள். "ஆதாரம் எங்கே? எந்த டாக்டர் சொன்னார்?" என்று மைக் பிடித்துக் கேட்டார்கள். கேட்டது முழுக்க நியாயம். ஆனால் நாலு பக்க நகலுக்காகக் கடையடைத்த நாளில் அந்தக் கேள்வி இந்த மாவட்டத்தில் எங்கும் உரக்கக் கேட்கவில்லை. நமக்கு நட்டம் வரும்போது மட்டும் ஆதாரம் கேட்பது சிந்தனை ஆகிவிடாது. நமக்குப் பிடித்த செய்தி வரும்போதும் அதே குரலில் கேட்க வேண்டும்.

இந்தப் பழக்கம் நமக்கு அயலது அன்று. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் போனபோது, அவர் அறத்தை உடனே எடுத்துச் சொல்லிவிடவில்லை. மெய்யான ஏது எது, ஏதுவைப்போலத் தோன்றும் போலி எது, பொருந்தாத எடுத்துக்காட்டு எது என்று ஒரு காதை முழுக்கத் தருக்கத்தைக் கற்பித்த பிறகே அடுத்த காதையில் தருமத்துக்கு வருகிறார். நோன்பு ஏற்கப்போகும் பெண்ணுக்கு முதலில் ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொடுத்த அந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். நல்லெண்ணம் மட்டும் உள்ளவனை எவரும் எந்தக் கும்பலிலும் சேர்த்துவிட முடியும்.

சேலத்துக்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1944 ஆகஸ்ட் 27 அன்று பெரியார் தலைமையில் நடந்த மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனதைப் பலரும் அறிவார்கள். அதே மாநாட்டில் அண்ணாதுரையின் தீர்மானம், ஆங்கில அரசு கொடுத்த ராவ்பகதூர், சர் போன்ற பட்டங்களைக் கட்சிக்காரர்கள் துறக்க வேண்டும் என்று கேட்டது. அதை எதிர்த்தவர்களும் அங்கே இருந்தார்கள். கொள்கையில் உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தம் கட்சிப் பெரியவர்களின் மார்பில் தொங்கிய பதக்கத்தை நோக்கிக் கேள்வி எழுப்பத் துணிந்தார்களே, அந்தத் துணிவு இன்றைய படித்தவர்களிடம் எங்கே போனது? பெரியார் பெயரில் சேலத்தில் 1997 முதல் பல்கலைக்கழகமே இருக்கிறது.

கேள்வி கேட்டால் மரியாதை கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்குக் கொங்குப் பிள்ளைகளின் பேச்சைக் காட்ட விரும்புகிறேன். வகுப்பில் ஏறுதழுவுதல் பற்றி நான் ஏதோ பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஆத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "இல்லீங்கையா. நீங்க சொல்றது எங்கூர்ல அப்படி இல்லீங்க. எங்க தாத்தா வேற மாதிரி செய்வாருங்க" என்றான். மறுப்பும் மரியாதையும் ஒரே மூச்சில் வந்தன. அன்று மீதி நேரம் அவன்தான் பேசினான், நாங்கள் கேட்டோம். நன்னூலார் சொன்ன அரைப் பங்கு அவனுக்குக் கிடைத்தது, எனக்கும் கொஞ்சம் கிடைத்தது.

ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் 1988இல் ஜெர்மனியில் இலக்கியச் சந்திப்பைத் தொடங்கினார்கள். நாடு இழந்து, வேலை தேடிக்கொண்டிருந்த நிலையிலும், இயக்கங்களுக்கு அஞ்சாமல் மாற்றுக் கருத்தைப் பேச அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. நாம் சொந்த ஊரில் இருக்கிறோம். சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் எங்கும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீடுகளுக்கு மாடிகளும் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். அவரை மறுத்துப் பேசியவரை அடுத்த மாதமும் அவரே அழைக்க வேண்டும். பொன்னாடை கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். இளம்பிள்ளைத் தறிக்காரர்களைப் பற்றியோ கொல்லிமலை மக்களைப் பற்றியோ ஆத்தூர் சேகோ ஆலைத் தொழிலாளர்களைப் பற்றியோ ஆய்வேடு எழுதுகிறவர், பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கும் முன் அதை அந்த ஊரில் உட்கார்ந்து எளிய தமிழில் வாசித்துக் காட்டட்டும். அவர்கள் தவறு என்று சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டு வந்து, ஆய்வேட்டின் கடைசியில் அவர்கள் சொன்னதையும் சேர்த்துக் கட்டட்டும்.