பரதேசிக்குப் பசித்தால்...

தேவிபட்டினத்தில் கடல் பெரிதாக அலையடிப்பதில்லை. குளம் மாதிரி சும்மா கிடக்கிறது. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் ஒன்பது கற்கள். நவபாஷாணம். இலங்கைக்குப் போகும் முன் ராமர் நவக்கிரகங்களை நினைத்து நட்டு வைத்தவை என்பது ஐதீகம். நவதானியப் பொட்டலத்தோடு வருகிறவர்கள் சுற்றி வந்து தூவுகிறார்கள். எள்ளும் கொள்ளும் துவரையும் பச்சைப்பயறும் தண்ணீரில் விழுகின்றன.

'இதையெல்லாம் கடலில் கொட்டுவதற்கு ஒரு ஏழைக்குக் கொடுத்தால் என்ன?' என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஒரு கைப்பிடி தானியத்தில் நாடு முழுகிவிடாது. மீனாவது தின்னும். நான் யோசிப்பது வேறு. சனீஸ்வரனுக்கு எள் போடும்போது, 'உனக்கு நிஜமாவே தேவையா? ரேஷன் கார்டு இருக்கா? உழைச்சுச் சாப்பிடக் கூடாதா?' என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளை எல்லாம் நாம் மனுஷனுக்கென்றே பத்திரமாக வைத்திருக்கிறோம்.

கேட்பது தப்பா? அண்டாவில் இருக்கிற சோறு நூறு பேருக்கு. வாசலில் நிற்பது இருநூறு பேர். அப்போது யாருக்கு முதலில் என்று யோசிக்கத்தானே வேண்டும்? நியாயம்தான். ஆனால், இதே ராமநாதபுரம் சீமை வழியாகப் போன ஒரு பழைய பாதை இந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

சேதுப் பாதை. காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மாதக்கணக்கில் நடந்தே வருவார்கள். சேதுபதி என்ற பட்டத்துக்கே சேதுவைக் காப்பவர் என்றுதான் பொருள். யாத்ரீகர்களுக்குக் காவலாக இருப்பது அந்த மன்னர்களின் கடமை. வழி நெடுகச் சத்திரங்கள். ராமநாதபுரத்து சேதுபதிகள் கட்டினார்கள், தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டினார்கள்.

1799-ல் தஞ்சை நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. இரண்டாம் சரபோஜிக்கு ஒரு கவலை. சத்திரங்களுக்கு விட்ட கிராமங்களையும் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டால்? 1801-ல் தஞ்சையில் இருந்த ரெசிடென்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற வழிப்போக்கர் எல்லோருக்கும் சோறு. யோகி, ஜங்கமர், பைராகி என்று எவர் வந்தாலும் சோறு. சமைத்ததைச் சாப்பிட மனமில்லாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். சீக்காளிக்கு வைத்தியமும் பத்தியச் சாப்பாடும். கைக்குழந்தைக்குப் பால். பிள்ளைத்தாய்ச்சிக்குத் தனிக் கவனிப்பு. வந்த இடத்தில் செத்துப்போனால் அவரவர் வழக்கப்படி காரியம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அதில் வருகிற மணி. நடுநிசி வரை அன்னமிட்டுவிட்டு, ஒரு மணி அடிப்பார்களாம். 'இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா வாங்க' என்று கூவி அழைப்பார்களாம். கவனியுங்கள். பசித்தவன் கதவைத் தட்டவில்லை. சோறு போடுகிறவன் தேடுகிறான்.

ரொம்பவும் புல்லரித்துப் போக வேண்டாம். பந்தி ஒன்றாக இருந்திருக்காது என்பது யாருக்கும் தெரியும். 'சமைத்ததைச் சாப்பிட மனமில்லாதவர்கள்' என்ற வார்த்தைக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருக்கிறது. அந்த அரிசியும் வானத்திலிருந்து விழவில்லை. சத்திரத்துக்கு எழுதி வைத்த கிராமங்களில் யாரோ குனிந்து நட்டு, குனிந்து அறுத்தது. அவன் வீட்டில் அன்றைக்கு உலை கொதித்ததா என்று ராஜாவின் கடிதம் சொல்லவில்லை.

ஆனாலும், அங்கே ஒரு நல்ல விஷயம் இருந்தது. சத்திரத்தில் கையை நனைத்தவனுக்குப் பெயர் 'ஏழை' அல்ல. வழிப்போக்கன். இல்லாவிட்டால், பரதேசி. பரதேசம் என்றால் வேற்று நாடு. பரதேசி, வெளியூர்க்காரன். அவ்வளவுதான் அர்த்தம். பணக்காரனும் நடந்தால் பரதேசி. பஞ்சைப் பராரியும் நடந்தால் பரதேசி. ஊரைத் தாண்டினால் எவனுக்கும் பசிக்கும், எவனும் இன்னொருவன் கையை எதிர்பார்க்க வேண்டும். அதனால் அந்த இலையில் அவமானம் இல்லை.

இன்றைக்கு ஒருவரைப் பரதேசி என்று கூப்பிட்டுப் பாருங்கள். பல் இருக்காது!

எப்போது இது வசவாக மாறியது? எனக்குத் தோன்றுவது இதுதான். 1914-ல் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடியது. டிக்கெட் வாங்க முடிந்தவன் பயணி ஆகிவிட்டான். அவன் போகிற வழியில் சத்திரம் தேவையில்லை. மிச்சம் நடந்தவன், வேறு வழியில்லாமல் நடந்தவன். வசதிக்காரன் பாதையை விட்டு இறங்கியதும் பாதையில் இருந்தவனின் பெயர் அழுகிப்போனது. பிக்ஷுவும் பிச்சைக்காரரும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவர்கள்தான். ஒருவரைக் கும்பிடுகிறோம், இன்னொருவரிடம் 'சில்லறை இல்லை, போப்பா' என்கிறோம்.

கேள்வி கேட்டுச் சோறு போட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் நம்மிடமே கதை இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். சர்க்கார் செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். வேலை, மண் வெட்டுவதும் கல் உடைப்பதும். இது உயிர் தரிக்கவே போதாது என்று சென்னை மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டார். சோம்பேறிக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதில் அத்தனை ஜாக்கிரதை. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில்.

கேள்வி கேட்காமல் போடுகிற இடங்களும் இல்லாமல் இல்லை. குருத்வாராவின் லங்கரில் எல்லோரும் தரையில் ஒரே வரிசை. காரில் வந்தவரும் காலில் வந்தவரும் பக்கத்துப் பக்கத்தில். குருநானக் ராமேஸ்வரம் வந்தார் என்பது சீக்கியர் நம்பிக்கை; அங்கே அவர் பெயரில் குருத்வாராவும் இருக்கிறது. ரமலான் மாதம் நம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி. தூக்குவாளியோடு வந்து நிற்கிற பிள்ளையிடம், 'உங்க வீட்ல நோன்பா?' என்று யாரும் கேட்பதில்லை. 'தள்ளி நில்லு தம்பி, சூடு' என்பதுதான் அதிகபட்சம்.

அரசாங்கத்தாலும் அப்படிச் செய்ய முடியும். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பள்ளிக்கூடத்திலேயே சோறு என்று வைத்தது. பிள்ளை தட்டோடு உட்காருவது மாணவனாக. ஏழையாக அல்ல. இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். சின்னப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

சேதுப் பாதையில் இப்போதும் பரதேசிகள் வருகிறார்கள். எதிர்த் திசையிலிருந்து, படகில். மண்டபம் முகாம் ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைத் தடுத்து நிறுத்திச் சோதித்து அனுப்பிய இடம். 1983-க்குப் பிறகு அங்கிருந்து உயிர் பிழைத்து வந்தவர்கள் தங்கும் இடமானது. பணக்கொடையும் மலிவு அரிசியும் உண்டு. ஆஜர் எடுப்பதும் உண்டு. சத்திரத்து மணி சாப்பிடாதவனைத் தேடியது. முகாமின் பதிவேடு இல்லாதவனைத் தேடுகிறது. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 'பேர் மாத்தினா சோறு ருசிக்குமா?' என்று சிரித்தவர்கள் உண்டு. பரதேசி என்ற சொல்லுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

2022-ல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்தது. அந்த மார்ச்சில் தனுஷ்கோடி பக்கம் குழந்தைகளோடு வந்து இறங்கினார்கள். யுத்தம் முடிந்து 13 வருஷம் ஆகியிருந்தது. குண்டுக்குப் பயந்து வரவில்லை. அரிசி விலை, பால்மா விலை என்றார்கள். தமிழ்நாடு அந்த வருஷம் 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் கப்பலேற்றி அந்தக் கரைக்கு அனுப்ப முடிவு செய்தது. மே மாதம் முதல் கப்பல் போனது. இந்தக் கரைக்கு வந்தவர்களை மண்டபத்தில் தங்க வைத்தார்கள்.

ஆனால் அவர்களை என்னவென்று பதிவது? அகதி யார் என்பதற்கு 1951-ல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை என்றாலும் உலகம் அளக்கிற கோல் அதுதான். இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து என்று ஐந்து காரணங்கள் சொல்கிறது. பசி அந்தப் பட்டியலில் இல்லை.