மார்கழியை அளந்து வா!

தம்பி, தங்கையே! உன் பேரூராட்சியின் சாக்கடை ஏரிக்குள் விழுவதைப் பார்த்துவிட்டு, "காசில்லை, கரண்ட் இல்லை, இங்கே என்ன செய்ய முடியும்?" என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்காதே. தலைக்கு மேல் காய்கிறதே வெயில், அதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை!

கொல்கத்தாவின் கிழக்கோரம் போய்ப் பார். சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம். ஆழமில்லாத குளங்களில் நகரத்துச் சாக்கடையை அளவாக விட்டார்கள் அந்த ஊர் மீனவர்கள். வெயிலில் பாசி வளர்ந்தது. பாசி ஆக்சிஜன் விட்டது. அந்த ஆக்சிஜனில் பாக்டீரியா அழுக்கைத் தின்றது. பாசியைத் தின்று மீன் கொழுத்தது. நகரத்துக் கழிவுநீர் எங்கேதான் போகிறது என்று 1980களில் தேடிப்போன பொறியாளர் துருவஜோதி கோஷ் இதைக் கண்டு உலகுக்கே எடுத்துச் சொன்னார். உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002-இல் ஏறியது அந்த மண். அந்த மீனவர்களிடம் எந்தப் பட்டம் இருந்தது? தங்கள் வெயிலையும் சேற்றையும் அவர்கள் கரைத்துக் குடித்திருந்தார்கள்!

உனக்கோ படிப்பும் இருக்கிறது. பிறகென்ன தயக்கம்?

நம் நாட்டுப் பொறியியல் கையேட்டைத் திற. இப்படி வெயிலையும் பாசியையும் கொண்டு சாக்கடையைச் சுத்தம் செய்யும் பாசிக்குட்டை, ஒரு ஹெக்டேருக்கு ஒரு நாளில் தாங்கும் பிஓடி சுமை (அழுக்கைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு), 8 பாகை அட்சரேகையில், அதாவது கன்னியாகுமரிப் பக்கம், 325 கிலோ. தில்லியை ஒட்டிய 28 பாகையில் 200 கிலோதான். அங்கே குளிர்காலம் பாசியையும் பாக்டீரியாவையும் சோம்ப வைத்துவிடும். தெற்கத்தி வரைபடத்தை அங்கே கொண்டுபோனால் ஜனவரியில் குட்டை நாறும். வடக்கத்தி வரைபடத்தை இங்கே கொண்டுவந்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் நிலம் கேட்கும். "இடமில்லை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். பார்க்காத ஊரின் வரைபடத்தை நகலெடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது!

ஆண்டுச் சராசரியை நம்பாதே. மிகக் குளிர்ந்த மாதத்தின் வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போடு. அந்த மாதத்தைத் தாங்கும் குட்டை சித்திரையைச் சிரித்துக்கொண்டே தாங்கும்.

இயங்குகிற பாசிக்குட்டை ஒன்றின் கரையில் விடியலுக்கு முன் போய் நில். ராத்திரி முழுக்கப் பாசியும் மூச்சுவிட்டதால் தண்ணீரில் ஆக்சிஜன் வற்றிக் கிடக்கும். மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வா. பச்சைப் பசேலென்று, பிஎச் 9-ஐத் தாண்டி நிற்கும். அந்தக் காரத்தில் மலக்கிருமிகள் மடியும். பச்சை போய் ரோஸ் நிறம் படர்ந்தால், சுமை கூடிவிட்டது என்று தண்ணீரே உன்னிடம் சொல்கிறது. இதைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு எந்த வெளியூர் நிபுணரிடமும் கூசத் தேவையில்லை.

ஆடிக்காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று உன் பாட்டியைக் கேள். குட்டையின் வாடை ஊருக்குள் வராத திசை தெரியும். நாளைக்கே ஒரு தெர்மாமீட்டர் வாங்கு. மார்கழியும் தையும் தினமும் வெப்பநிலையை எழுது. அந்த நோட்டோடு பேரூராட்சி அலுவலகத்துக்குள் நிமிர்ந்து நட!